சானி கணவாய்க்கு எட்டு வண்டி: காகிதமும் காற்றும்

கேள்வி: செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் விடுமுறைக்கு, டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எட்டு வண்டிகளில் குடும்பத்தோடு, தென்னாப்பிரிக்காவிலிருந்து பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி கணவாய் வழியாகப் போய், அங்கே ஓர் இரவு தங்கித் திரும்ப நினைக்கிறோம். மூன்று பக்கிகள் (பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள பிக்கப் வண்டிகள்) குடும்பக் கம்பெனி பேரில் இருக்கின்றன. இரண்டுக்கு வங்கிக் கடன் பாக்கி. ஏற்பாடு செய்கிறவர் வண்டிக்கு 1,800 ரேண்ட் கேட்கிறார். எல்லைக் கட்டணம், லெசோத்தோ மூன்றாம் நபர் காப்பீடு, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கமாம். "காகிதம் ஒன்றும் வேண்டாம், அங்கே எனக்கு ஆள் இருக்கிறது" என்கிறார். பணம் கட்டலாமா? வண்டிகள் ஏறுமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். அவர் சொன்ன மூன்றில் ஒன்று தேவையே இல்லாதது. லெசோத்தோவில் மூன்றாம் நபர் காப்பீடு பெட்ரோல், டீசல் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. அதற்கென்று எல்லையில் யாரும் சீட்டு வாங்குவதில்லை. மொசாம்பிக் போகிறவர்கள் வாங்குவார்கள். அதைக் கேள்விப்பட்டவர்களிடம் இதையும் விற்றுவிடுகிறார்கள். ஆனால் இந்தக் காப்பீடு உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்தைப் பார்க்காது. அதற்கு உங்கள் சொந்தக் காப்பீடுதான். இன்றே காப்பீட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்றைக் கேளுங்கள்: லெசோத்தோவில் செல்லுமா, மண் சாலையிலும் கரடுமுரடான மலைப்பாதையிலும் செல்லுமா, வண்டி நின்றுபோனால் இழுத்துவரும் வண்டி எல்லை தாண்டி வருமா? தொலைபேசியில் சொல்லும் "ஆமாம்" எதற்கும் உதவாது. எழுத்தில் வாங்குங்கள்.

லெசோத்தோ சாலைக் கட்டணத்தை மேலே உள்ள எல்லைச் சாவடிக் கவுண்டரில் ஒவ்வொரு ஓட்டுநரும் தானே கட்டி ரசீது வாங்கலாம். ரேண்ட் செல்லும், ஒரு ரேண்டுக்கு லெசோத்தோ நாணயமான லோட்டி ஒன்று. நடுவில் ஒருவருக்கு வேலையே இல்லை. வழிகாட்டி வேண்டுமானால் வையுங்கள், தவறில்லை. தென்னாப்பிரிக்காவில் சுற்றுலா வழிகாட்டி பதிவு செய்திருக்க வேண்டும். அட்டையும் பேட்ஜும் வைத்திருப்பார், காட்டச் சொல்லுங்கள். உங்களில் சிலரைக் கட்டணம் வாங்கித் தன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றால், பயணிகளை ஏற்றும் ஓட்டுநருக்கான தனி அனுமதியும், எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றும் அனுமதியும் அவரிடம் இருக்க வேண்டும். இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

இனி காகிதம். பயணம் கெடுவது பெரும்பாலும் கீழே உள்ள தென்னாப்பிரிக்கச் சாவடியில்தான். எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், அடையாள அட்டை போதாது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்துவையுங்கள். அப்பா அம்மாவில் ஒருவர் வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். கோயில் குருக்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறார் என்றால் உங்களுக்குள்ள விதி அவருக்குப் பொருந்தாது. லெசோத்தோ விசாவைப் பற்றி அவருக்காகத் தனியாக விசாரியுங்கள்.

வண்டியின் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் உரிமைப் பத்திரம் யாரிடம், சொந்தக்காரர் யார் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். கடன் வண்டியில் முதல் பெயர் வங்கியுடையது. இரண்டு பெயரும் ஓட்டுகிறவர் பெயராக இருந்தால் சான்றிதழின் நகல் போதும். முதல் பெயர் வங்கி என்றால், வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். இதுதான் பொறுமையைச் சோதிக்கும். கிளையில் கேட்டால் தொலைபேசிப் பிரிவைக் கேள் என்பார்கள், அங்கே கேட்டால் மின்னஞ்சல் அனுப்பு என்பார்கள். மாதத் தவணையைப் பத்து வருடம் தவறாமல் கட்டியவருக்கும் ஒரு பக்கக் கடிதம் தர நாள் கணக்கில் இழுக்கிறார்கள். மூன்று வாரம் முன்பே கேளுங்கள். கடிதத்தில் வண்டி எண், ஓட்டுநர் பெயர், நாடு, தேதி நான்கும் சரியா என்று வாங்கியவுடன் பாருங்கள்.

கம்பெனி பேரில் உள்ள பக்கிகளில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "என் கம்பெனிதானே, நானே இயக்குநர், எனக்கு நானே ஏன் கடிதம் எழுத வேண்டும்?" என்பார்கள். சட்டத்துக்குக் கம்பெனி வேறு ஆள், நீங்கள் வேறு ஆள். கம்பெனித் தலைப்புத் தாளில், இன்ன எண் வண்டியை இன்னார் இன்ன தேதிகளில் லெசோத்தோவுக்கு ஓட்டிச் செல்லக் கம்பெனி அனுமதிக்கிறது என்று எழுதி, இன்னோர் இயக்குநர் இருந்தால் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட்டவரின் அடையாள அட்டை நகலையும் கம்பெனிப் பதிவின் நகலையும் போலீஸ் நிலையத்தில் சான்றொப்பமிட்டுச் சேருங்கள். அண்ணன் வண்டியைத் தம்பி ஓட்டினால் அண்ணனின் பிரமாணப் பத்திரம் வேண்டும். அப்பா காலமாகி வண்டி இன்னும் அவர் பேரிலேயே இருக்கிறதா? அம்மா கையெழுத்துச் செல்லாது, மூத்த மகன் கையெழுத்தும் செல்லாது. இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த சொத்து நிர்வாகி மட்டுமே அனுமதி தர முடியும். அந்த நியமனக் கடிதம் வர எத்தனை மாதம் ஆகும் என்பதை, அனுபவித்த குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வண்டிகள் ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். சாவடியில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைத்தான் மேலே விடுவார்கள். விற்பனையாளர் "எல்லா இடத்துக்கும் போகும்" என்று விற்ற நகரத்து எஸ்யூவியில் லோ ரேஞ்ச் கியர் (வண்டியை மிக மெதுவாக, அதிக இழுவிசையோடு நகர்த்தும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைக் கொண்டுவராதீர்கள். அந்த கியர் ஏறுவதற்கு உதவுவதைவிட இறங்குவதற்குத்தான் உயிர்காப்பது. இரண்டு சாவடிகளுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர்தான். உச்சி ஏறத்தாழ 2,870 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் உருளும் கல், ஒரு பக்கம் பள்ளம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த உயரத்தில் கால் பங்குக்கு மேல் பலம் இழந்திருக்கும். அவசரப்படாமல் லோ ரேஞ்சில் முதல், இரண்டாவது கியரில் ஏறுங்கள்.

தார் முடியும் இடத்தில் டயர் காற்றழுத்தத்தை 1.8 பார் (bar) அளவுக்கு இறக்குங்கள். பின்னால் சுமை அதிகமென்றால் பின் டயருக்கு 2.0. டயர் கல்லின் மேல் மடங்கி உட்காரும், குதிக்காது. 1.5க்குக் கீழே போகாதீர்கள். டயரின் பக்கச் சுவர் பிதுங்கி, கூரான கல் அதைக் கிழிக்கும். பக்கச் சுவர்க் கிழிசலை எந்தப் பஞ்சர் கிட்டும் மூடாது, ஸ்டெப்னிதான் கதி. வேறு வண்டியின் சக்கரத்தை நம்பாதீர்கள். டொயோட்டா ஹைலக்ஸ் பக்கிக்கும் ஃபோர்டு ரேஞ்சர் பக்கிக்கும் சக்கரத்தில் ஆறு நட்டுதான், இடைவெளியும் ஒன்றுதான். ஆனால் ரேஞ்சர் சக்கரத்தின் நடு ஓட்டை சிறியது, ஹைலக்ஸில் சக்கரம் பொருந்தும் நடுக் குமிழில் (ஹப்) ஏறாது.

டர்பனில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் நிறைய. மேலே இரவில் அது உறைந்து, விரிந்து, ரேடியேட்டரையோ எஞ்சின் பிளாக்கையோ பிளக்கும். கிளம்பும் முன், உறையாமல் காக்கும் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். செப்டம்பர்தானே என்று நினைக்க வேண்டாம். 2024இல் இதே விடுமுறைக்குச் சில நாள் முன்னால் வான் ரீனன் கணவாயில், டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையே பனியில் அடைபட்டு, வண்டிகளில் ஆட்கள் இரவெல்லாம் சிக்கிக் கிடந்தார்கள். வானிலை அறிக்கையில் பனி என்றால் போகாதீர்கள். தங்குமிடத்துக்குக் கட்டிய முன்பணம் போகட்டும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் கொதித்து, பெடல் தரைவரை போய்விடும்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் கிளட்சை மிதித்து உருளவிடாதீர்கள், வண்டியைக் குறுக்கே திருப்பவும் வேண்டாம். கால் பிரேக், ஹேண்ட் பிரேக் இரண்டையும் பிடித்து ஸ்டார்ட் செய்து, லோ ரேஞ்ச் ரிவர்ஸ் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். கியர் பிடித்து வண்டி இழுப்பதை உணர்ந்த பிறகே பிரேக்கை விட்டு, நேராகப் பின்னால் இறங்குங்கள். அதற்கு இடம் வேண்டும் என்பதால் செங்குத்தான வளைவில் ஒவ்வொரு வண்டியாக ஏறட்டும். முன்வண்டி தாண்டியதும் அடுத்தது. ஏறுகிறவருக்கே வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன்: சிக்கிய வண்டியை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பெல்ட் கட்டி இழுக்காதீர்கள். இழுவிசை பெல்ட் வெட்டி இழுக்கும்போது உருண்டை முறிந்து, குண்டுபோலப் பாய்ந்து கண்ணாடியைத் துளைக்கும். ஆட்கள் இறந்திருக்கிறார்கள். முன்பக்கம் உள்ள சின்ன வளையமும் கப்பலில் வண்டியைக் கட்டுவதற்கானது. சேசிஸில் போல்ட் போட்ட இழுப்புக் கொக்கி, 4.75 டன் ஷேக்கிள் (பெல்ட்டை மாட்டும் இரும்பு வளையம்), பெல்ட்டின் நடுவே போட ஒரு கனத்த பை, இவை மூன்றும் வேண்டும். இழுக்கும்போது எல்லோரும் பெல்ட் நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும்.

சாவடிகள் காலை 6 மணி முதல் மாலை 6 வரை. திரும்பும் நாளில் மதியம் 2 மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். எட்டு வண்டிக்கு இரண்டு கவுண்டர்களிலும் காத்திருக்க நேரமாகும், பிற்பகலில் மூடுபனி வேறு. லோ ரேஞ்ச் முதல் கியரில், கிளட்சைத் தொடாமல் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கையால் முதல் கியரில் நிறுத்துங்கள். கீழே வந்து தார்ச் சாலை பிடிக்கும் முன் டயர்களில் மறுபடி காற்றடித்து, நான்கு சக்கர இழுப்பை இரண்டுக்கு மாற்றிவிடுங்கள்.