அவுரி நீலம் கையில் ஒட்டுவது ஏன்?

கேள்வி: திண்டிவனம் பக்கத்தில் 100 கிராம் அவுரி நீலப் பொடி வாங்கினேன். அலுமினிய அண்டாவில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, பாதிப் பொடியுடன் வெல்லமும் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் கலக்கினேன். அரை மணி கழித்து ஒரு புது வேட்டியையும் கொஞ்சம் கோராத் துணியையும் ஒரு மணி நேரம் ஊறப் போட்டேன். எடுத்ததும் நல்ல நீலம். ஆனால் எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் நீலமாகவே வருகிறது, உடுத்தினால் உடம்பில் ஒட்டுகிறது. உப்பும் படிகாரமும் போட்டுக் கொதிக்க வைத்தும் பயனில்லை. பொடி போலியா? துணியைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: "எடுத்ததும் நல்ல நீலம்" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. அவுரித் தாழியிலிருந்து, அதாவது சாயக் கரைசல் உள்ள பாத்திரத்திலிருந்து, துணி நீலமாக வெளியே வரக் கூடாது. மஞ்சள் கலந்த பச்சையாக வந்து, காற்றுப் பட்ட பிறகு கண்ணெதிரே நீலமாக மாற வேண்டும். உங்கள் துணியில் சாயம் ஏறவில்லை. சுவரில் அடித்த சுண்ணாம்பு போல நீலத் தூள் மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாத பொருள். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது மிதக்கும் அல்லது அடியில் படியும் தூள்தான். அதிலிருக்கும் இண்டிகோ மூலக்கூற்றை ஒடுக்கினால், அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுத்தால், நிறம் போய் மஞ்சளாகி, காரத் தண்ணீரில் (சுண்ணாம்பு போல அமிலத்துக்கு எதிரான பொருள் கலந்த நீரில்) கரையும். கரைந்த அந்த வடிவந்தான் பஞ்சு இழைக்குள் நுழையும். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மறுபடி கரையாத நீலமாக்கிவிடும். இழைக்குள் போனது அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே தாழிக்கு இரண்டு பொருள் கட்டாயம்: ஒடுக்குவதற்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று. உங்கள் தாழியில் வெல்லமும் சுண்ணாம்பும் அந்த இரண்டுக்காக இருந்தன. எண்ணம் சரி. ஆனால் இரண்டுமே சரியாக வேலை செய்யவில்லை.

முதலில் பொடியைப் பற்றி. நிறம் ஏறியதைப் பார்த்தால் போலி என்று தோன்றவில்லை, இருந்தாலும் சோதிப்பது எளிது. ஒரு சிட்டிகையைப் பழைய இரும்புக் கரண்டியில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் சூடாக்குங்கள். இண்டிகோ இருந்தால் ஊதா நிற ஆவி எழும். வெள்ளைத் துணிக்குப் போடும் சலவை நீலத்தில் பலவும் அல்ட்ராமரைன் என்ற கனிமப் பொடி. அது இப்படி ஆவியாகாது, எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம் பட்டால் நிறமும் வெளுக்கும். கட்டியாக வாங்கினால் நகத்தால் தேய்த்துப் பாருங்கள், செம்பு போல மினுங்கும். நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கு விற்கும் 'அவுரிப் பொடி' வேறு சரக்கு. பச்சையாக இருக்கும் அது வெறும் இலைத் தூள். அதை வாங்கித் தாழி போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை, இண்டிகான் என்ற நிறமற்ற சேர்மமாக இருக்கிறது. இலையைத் தொட்டியில் ஊறவைத்தால் அது உடையும். வடித்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றேற்றினால் நீலம் வண்டலாக இறங்கும். சாயத்துக்கு வேண்டியது அந்த வண்டல்தான்.

இயற்கைப் பொடியில் நீலம் முழுக்க இருக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மீதி மண்ணும் சுண்ணாம்பும் இலைச் சக்கையும். பாதிக்குப் பாதி நீலம் இருந்தாலே நல்ல சரக்கு. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897இல் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலம் இதே மூலக்கூறுதான். வேறுபாடு தூய்மையில் மட்டுமே. இந்திய அவுரித் தொழிலை அது சாய்த்ததற்கு ஒரு காரணம் அந்த ஒரே சீரான தரம்: சாயக்காரருக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் ஒவ்வொரு முறையும் சிறு துண்டில் பார்த்துவிட்டுத்தான் வேட்டியை நனைக்க வேண்டும்.

இனி உங்கள் தாழி. வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ். அதற்கு ஒடுக்கும் திறன் கிடையாது. குளுக்கோஸுக்கும் ஃபிரக்டோஸுக்கும்தான் உண்டு. அவை வெல்லத்தில் கொஞ்சமாகத்தான் இருக்கும். பழைய புளிப்புத் தாழிகளில் வெல்லம் பயன்பட்டதன் காரணம் வேறு. அங்கே ஊசித்தகரை விதையை வேகவைத்து ஊற்றி, நாள்கணக்கில் நொதிக்க விடுவார்கள். பாக்டீரியாதான் ஒடுக்கும் வேலையைச் செய்யும், வெல்லம் அதற்குத் தீனி. அரை மணி நேரத்தில் அது நடக்காது.

வெற்றிலைச் சுண்ணாம்பில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கலாம். திறந்து வைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சாக்குக்கட்டிப் பொருளாக மாறி, வீரியம் இழந்திருக்கும். போதாததற்கு அலுமினிய அண்டா. காரம் அலுமினியத்தை அரிக்கும், அந்த வேலையில் காரமும் செலவாகும். எவர்சில்வர், மண்பானை, கெட்டிப் பிளாஸ்டிக் வாளி எதுவானாலும் சரி. அகலத்தைவிட உயரம் அதிகமுள்ள பாத்திரம் நல்லது. காற்றுப் படும் பரப்பு குறையும், அடி வண்டல் துணியைத் தொடாது.

பத்து லிட்டர் தாழிக்கு நடுத்தர நீலம் வேண்டுமானால் பொடி 50 கிராம், காய்ந்த நீற்றுச் சுண்ணாம்புத் தூள் 100 கிராம், ஃபிரக்டோஸ் 150 கிராம். எடையில் ஒன்றுக்கு இரண்டு, மூன்று. பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் கார்சியா பரப்பிய இந்த விகிதம், வீட்டில் தொடங்குபவர்களுக்கு இன்று கிடைப்பதில் மிக எளியது. ஃபிரக்டோஸ் கிடைக்காவிட்டால் வெல்லத்தையே மாற்றிக்கொள்ளலாம்: 250 கிராம் வெல்லத்தைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, மெல்லிய தீயில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். அமிலமும் சூடும் சுக்ரோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். இதைச் சுண்ணாம்பு சேர்க்கும் முன்பே முடித்துவிட வேண்டும், காரத்தில் சுக்ரோஸ் உடையாது. தேனும் நன்கு கனிந்த வாழைப்பழமும் கூட ஒடுக்கும். மருந்துக் கடைக் குளுக்கோஸ் பொடியும் ஆகும்; கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பொடியை அப்படியே தண்ணீரில் கொட்டாதீர்கள். அது நனையாமல் மிதக்கும். கட்டிகளின் உட்புறம் ஒடுங்காமலே நின்று, பிறகு துணியில் புள்ளிகளாக ஒட்டும். கல்வத்தில் வெந்நீர் விட்டு நைசாக அரையுங்கள், அல்லது ஒரு பாட்டிலில் பொடி, வெந்நீர், நாலைந்து கோலிகுண்டு போட்டுப் பத்து நிமிடம் குலுக்குங்கள். பாத்திரத்தில் ஏறத்தாழ 60 டிகிரிச் சூட்டில் தண்ணீர் எடுத்து, அரைத்த விழுதைக் கலந்து, சர்க்கரையைச் சேர்த்து, கடைசியாகச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். சுண்ணாம்புத் தூள் கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். நீறாத கல் சுண்ணாம்பை நேரே போடவே கூடாது, கொதித்துத் தெறிக்கும்.

கிளறுவது மெதுவாக, ஒரே திசையில். நுரைக்க அடித்தால் உள்ளே போகும் காற்று நீங்கள் செய்த வேலையை அழித்துவிடும். முதல் இரண்டு மணி நேரத்துக்குக் கால் மணிக்கு ஒருமுறை கிளறி மூடிவையுங்கள், பிறகு ஒரு மணி நேரம் தெளிய விடுங்கள். பக்குவம் வந்துவிட்டதா என்பதைக் கடிகாரம் சொல்லாது, தாழிதான் சொல்லும்: மேலே செம்பு நிற ஏடு படரும், நடுவில் நீல நுரை திரளும், ஏட்டை விலக்கினால் கீழே நீர் தெளிவாக, தேநீர் மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ தெரியும். கண்ணாடித் தம்ளரில் மொண்டு பாருங்கள். மேலிருந்து நீலமாகிக்கொண்டே வர வேண்டும். நீர் இன்னும் கலங்கிய நீலமாக இருந்தால் ஒடுக்கம் போதவில்லை: லேசாகச் சூடேற்றி, ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை கூட்டிக் காத்திருங்கள். காரத்தை அளக்கும் பிஹெச் தாள் இருந்தால் பருத்திக்கு நல்ல இடம் 10.5 முதல் 11.5 வரை. சர்க்கரை ஒடுக்கும்போது அமிலங்கள் உண்டாகிக் காரம் இறங்கிக்கொண்டே வரும். பத்துக்குக் கீழே போனால் ஒரு மேசைக்கரண்டி சுண்ணாம்பு போடுங்கள்.

துணிப் பக்கமும் ஒரு குறை உண்டு. புது வேட்டியில் கஞ்சி இருக்கும், கோராவில் பஞ்சின் இயல்பான மெழுகும் இருக்கும். இரண்டும் தடுத்தால் நல்ல தாழியிலும் சாயம் மேலேயே நின்றுவிடும். 100 கிராம் துணிக்கு 3 கிராம் சலவை சோடா (ஆப்ப சோடா அல்ல), கொஞ்சம் சோப்பு, துணி தாராளமாக மூழ்கும் தண்ணீர். ஒரு மணி நேரம் கொதி. கோராவிலிருந்து இறங்கும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். அலசிக் காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும்.

ஒரு மணி நேரம் ஊறப் போட்டீர்களே, அது தேவையே இல்லை. ஆழ்ந்த நீலம் நேரத்தால் வருவதில்லை, முக்கும் எண்ணிக்கையால் வருகிறது. துணியை நனைத்துப் பிழிந்து, குமிழ் எழாமல் மெதுவாக இறக்கி, முதல் முக்கு பத்து நிமிடம், அடுத்தவை ஐந்து நிமிடம் வையுங்கள். தாழியின் சூடு 40 டிகிரி, கைக்கு இதமான வெதுவெதுப்பு. எடுக்கும்போது நீர்மட்டத்துக்குள்ளேயே பிழிந்து வெளியே தூக்குங்கள். மடிப்பு விரித்துக் கால் மணி நேரம் காற்றில் விட்டு, பச்சை முழுக்கப் போன பிறகே அடுத்த முக்கு. அவசரப்பட்டு ஈரப் பச்சையோடு திரும்ப இறக்கினால் முன்பு ஏறியதில் ஒரு பகுதி கரைந்து தாழிக்கே போய்விடும். மூன்று முக்கில் வான நீலம், எட்டு பத்து முக்கில் கருநீலம். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து செனகலுக்குக் கப்பலேறி, அங்கே பிசின் வியாபாரத்தில் காசு போலவே புழங்கிய 'கினே' என்ற கருநீலத் துணியும் அவுரியில் தோய்த்ததுதான்.

முடிந்ததும் ஒரு நாள் காயவிட்டு, லிட்டருக்கு 10 மில்லி வினிகர் கலந்த தண்ணீரில் அலசுங்கள். துணியில் தங்கிய சுண்ணாம்பு போய் மொடமொடப்பு குறையும், நிறமும் பளிச்சென்று தெரியும். பிறகு சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதி. ஒட்டாமல் நிற்கும் தூள் இங்கேயே கழன்றுவிடும்.

படிகாரம் மஞ்சள், சிவப்புத் தாவரச் சாயங்களுக்குத் தேவை. அவை இழையோடு ஒட்ட நடுவில் ஓர் உலோகம் வேண்டும். அவுரிக்கு வேண்டாம். தாழியில் போட்டால் சுண்ணாம்பைத் தின்றுவிட்டு வண்டலாகிவிடும். உப்பு ரசாயனச் சாயங்களில் சிலவற்றுக்கு உதவும், இதற்கு ஒன்றும் செய்யாது. கடையில் விற்கும் சாய ஃபிக்ஸரும் பெரும்பாலும் அந்த வகைச் சாயங்களுக்கானதே. உள்ளே நுழையாத தூளைப் பிறகு உள்ளே தள்ளும் மருந்து எதுவும் கிடையாது.

உங்கள் இரண்டு துணிகளும் வீணாகவில்லை. சலவை சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். கஞ்சியும் மேல் தூளும் ஒன்றாகப் போகும். நிறம் வெகுவாக வெளுத்து, ஒருவேளை திட்டுத்திட்டாகத் தெரியும். அதன்மேல் சரியான தாழியில் நாலைந்து முக்கு கொடுத்தால் திட்டு பெரும்பாலும் மறையும். மீதமிருக்கும் 50 கிராம் பொடி அதற்குப் போதும்; பழைய தாழியைக் கொட்டியிராவிட்டால் அதையும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிச் சூடேற்றி, மாற்றிய வெல்லப் பாகும் புதுச் சுண்ணாம்பும் கொடுத்துப் பாருங்கள், நீலம் அதிலேயே இருக்கிறது.

சாயப்பட்டறைகளில் ஒடுக்குவதற்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனமும் காரத்துக்குக் காஸ்டிக் சோடாவும் சேர்த்து இதே வேலையை அரை மணியில் முடிப்பார்கள். வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டோம்: காஸ்டிக் தோலை அரிக்கும், ஈரம் பட்ட ஹைட்ரோஸ் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது.

நன்றாகத் தோய்த்த கருநீலத்திலும் முதல் சில சலவைகளில் கொஞ்சம் நீலம் உதிரும். ஜீன்ஸ் வெளுப்பதும் இதே நீலத்தின் இதே குணத்தால்தான். காய்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் இலேசான சாயல் மட்டும் படிய வேண்டும், கை நீலமாகக் கூடாது. மூன்று நான்கு முறை தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் படவே கூடாது. அது நீலத்தை ஐசாட்டின் என்ற மஞ்சள் பொருளாக உடைத்துவிடும், அந்த இடத்தில் நிறம் திரும்ப வராது.