எந்த சாஃப்ட்வேர் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பி.காம் முடித்து எட்டு மாதம் ஆகிறது. பள்ளியில் படிக்கும்போதிருந்தே விஎஃப்எக்ஸ், அதாவது சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் காட்சி ஜாலம் செய்வதன் மேல் ஆசை. யூடியூபைப் பார்த்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கொஞ்சம் பழகியிருக்கிறேன். வெடிக்கிற கார், கையிலிருந்து கிளம்பும் நெருப்பு என்று சில வீடியோக்கள் செய்து வைத்திருக்கிறேன். ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருடக் கோர்ஸுக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள். நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. நியூக், ஹூடினி, மாயா, பிளெண்டர், இதில் எதைப் படித்தால் வேலை கிடைக்கும்? ஏஐ வந்ததால் இந்தத் துறையே இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

ஒரு வாசகர், ராஜபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நகை. அது இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும். எந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்பதே தெரியாமல் மூன்று லட்சம் கட்டுவது, பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி.

நீங்கள் எழுதிய நான்கும் ஒரே வேலைக்கான நான்கு கருவிகள் இல்லை. வெள்ளம், புகை, இடிந்து விழும் கட்டடம் எல்லாம் செய்கிறவர் ஹூடினியில் உட்கார்ந்திருப்பார். மிருகத்துக்கு எலும்பு மாட்டி நடக்கவைக்கிறவர் பெரும்பாலும் மாயாவில். இவர்கள் செய்து கொடுத்ததையெல்லாம் கேமராவில் எடுத்த காட்சியோடு ஒட்டி, ஒட்டியதே தெரியாமல் ஆக்குவது காம்பாசிட்டிங், அதற்கு நியூக். நான் இந்தக் கடைசிக் கூட்டத்து ஆள், அதனால் என் பதில் அந்தப் பக்கமே சாயும். பொருள்களை முப்பரிமாணத்தில் செய்யும் பிளெண்டர் முழுக்க இலவசம். நியூக்கின் நான்-கமர்ஷியல் பதிப்பு 1920×1080 அளவு வரை இலவசம். ஹூடினி அப்ரென்டிஸும் இலவசம்தான், ஆனால் படத்தில் வாட்டர்மார்க் விழும். மூன்று மாதம் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டையே மறக்க வைப்பது எதுவோ, அது உங்களுடையது.

சரி, அந்த வெடிக்கிற கார். நண்பர்கள் வெடியைப் பார்த்துக் கைதட்டியிருப்பார்கள். ஸ்டுடியோவில் ஒரு டீம் லீட் அதைப் பார்க்க மாட்டார். டயர் தரையைத் தொடும் இடத்தில் நிழல் இருக்கிறதா, பக்கத்துச் சுவரில் நெருப்பின் வெளிச்சம் விழுகிறதா என்றுதான் பார்ப்பார்.

இதை நான் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வேலையில் கிடைத்தது நான்கு செகண்ட் ஷாட், 96 ஃபிரேம். மொட்டை மாடியில் ஒருவர் நிற்கிறார், பின்னால் பச்சைத்துணி. அங்கே ஊரைக் கொண்டுவர வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து தலைமுடி ஒவ்வொன்றையும் காப்பாற்றிப் பச்சையை நீக்கினேன், இதற்குக் கீ எடுப்பது என்று பெயர். ரிவ்யூவில் சீனியர் ஒன்றுமே சொல்லவில்லை. வியூவரில் காமாவை, அதாவது இருண்ட பகுதிகளை வெளுக்கவைக்கும் அளவை மட்டும் ஏற்றினார். திரை வெளுத்தது. நடிகரின் கருப்புச் சட்டை சாம்பல் நிறமானது. தூரத்துக் கட்டடங்களின் நிழல் மட்டும் இன்னும் தார் மாதிரி கருப்பாகவே இருந்தது. “ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நிழல், பக்கத்துல நிக்கிறவன் சட்டையைவிடக் கருப்பா இருக்குமாடா?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஷாட் திரும்பி வந்தது.

உங்களுக்கு இந்தப் பாடம் இனாம். மாடியில் ஏறினால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியுமே! பக்கத்துத் தோப்பு கரும்பச்சை, மலை வெளிர்நீலம். இடையில் இருக்கும் காற்றும் தூசியும் கருப்பைக் கரைத்துவிடுகின்றன. காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் அதே மலையை ஃபோனில் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒரு வீட்டுப்பாடம். ஜன்னலோரம் பாய் விரித்து, அதன் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, ஃபோனை அசையாமல் நிறுத்திப் படம் எடுங்கள். டம்ளரை எடுத்துவிட்டு இன்னொரு படம். அந்தக் காலி இடத்தில் பிளெண்டரில் செய்த டம்ளரை வைத்து, நியூக்கில் ஒட்டி, முதல் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் மயிரிழை அகலத்தில் அடர்த்தியான நிழல், தள்ளிப்போகப் போக மங்குவது, பாயின் சிவப்புக் கோடு டம்ளரில் வளைந்து தெரிவது, இருட்டில் ஃபோன் போடும் புள்ளிப்புள்ளியான க்ரெயின் என்று ஒவ்வொன்றாக இடிக்கும். சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், இன்னும் இடிக்கும். அது பொருந்தும்வரை வெடிகுண்டு பக்கமே போகாதீர்கள்.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டும் சூத்திரத்தை லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் எழுதிவைத்தார்கள். முன்படம் மறைப்பது போக மீதி எவ்வளவோ, அவ்வளவுதான் பின்படம். பி.காம் படித்தவருக்கு இது ஐந்து நிமிடம். ஒட்டிய உருவத்தைச் சுற்றிக் கருப்புக் கோடு வருகிறதென்றால், பெரும்பாலும் ஆல்ஃபாவால், அதாவது முன்படம் எங்கே எவ்வளவு மறைக்கிறது என்ற அளவால், இரண்டு தடவை பெருக்கியிருப்பீர்கள். ஒரே பில்லை இரண்டு முறை கழித்த கதை.

ஏஐ பற்றி. நம் ஊரில் இந்தத் துறைக்குள் வரும் வாசல் ரோட்டோ, அதாவது நடிகரைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு வெட்டி எடுக்கும் வேலை. ஓடுகிற ஆளைச் சுற்றி ஒரே கோடு போட்டு 96 ஃபிரேமும் இழுத்துக்கொண்டிருப்பது புதியவர்கள் வழக்கம். மேல்கை, முன்கை, உள்ளங்கை என்று தனித்தனி ஷேப் போட வேண்டும். கை முழுக்க நீளும் ஃபிரேமிலும் முழுக்க மடங்கும் ஃபிரேமிலும் முதலில் ஷேப்பைப் பொருத்தி வைத்தால், நடுவில் பாதி வேலை தானாக நடக்கும். இந்த வேலையில் நிறைய பங்கை இப்போது ஏஐ கருவிகள் செய்கின்றன. பறக்கும் முடியிலும் வேகத்தில் கலங்கும் கையிலும் விளிம்பு நடுங்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஆள் வேண்டும், ஆனால் முன்பு மாதிரி அத்தனை பேர் வேண்டாம். அதனால் ரோட்டோ கற்றுக்கொள்ளுங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

வேலை நிரந்தரமா என்று நீங்கள் கேட்கவில்லை, அப்பா கேட்பார். புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் 24ஆம் தேதி அதே படத்துக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கர். 2025 பிப்ரவரியில் பெரிய விஎஃப்எக்ஸ் நிறுவனமான டெக்னிகலர் சரிந்தபோது பெங்களூரிலும் ஏராளமானவர்களுக்கு வேலை போனது. இரண்டையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் இன்னும் இதில்தான் இருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நடுவில் ஏழு மாதம் வீட்டில் இருந்ததும் உண்டு.

இன்ஸ்டிடியூட் கூடவே கூடாது என்றில்லை. பாடம் எடுப்பவர் எந்தப் படத்தில் எந்த ஷாட் செய்தார் என்று கேளுங்கள். போன பேட்சில் மூன்று பேரின் நம்பர் கேளுங்கள், அவர்கள் வேலைகளைத் தொகுத்த வீடியோவான ஷோரீலைப் பாருங்கள். நம்பர் தரத் தயங்கினால் கிளம்பி வந்துவிடுங்கள். உங்கள் ரீல் ஒரு நிமிடம் இருந்தாலே போதும். சுமாரான ஷாட்டை நீளத்துக்காகச் சேர்க்காதீர்கள், பார்க்கிறவர் மனதில் அதுதான் நிற்கும்.

டம்ளர் முடிந்ததும் அனுப்புங்கள். படம் மட்டும் போதாது, நியூக் ஃபைலும் வேண்டும். காமாவை ஏற்றித்தான் பார்ப்பேன்.