பொருளாதார மந்தம் போனபின்னும் வேலை வராதது ஏன்?

ஐயா,
கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ‘ஆட்கள் தேவை’ அட்டை தொங்குகிறது. கொரோனாவில் வேலை போன லேத் டர்னர்கள் எங்கள் தெருவிலேயே சும்மா இருக்கிறார்கள். கேட்டுப் போனால் எடுப்பதில்லை. மந்தம் போனால் வேலையின்மையும் போக வேண்டாமா?
கே., திருமங்கலம்

அன்புள்ள கே.,

கிரைண்டிங் பட்டறையில் மேக்னட்டிக் சக், அதாவது ஜாப்பை (தேய்க்க வேண்டிய இரும்புத் துண்டை) மின்காந்தத்தால் பிடித்துவைக்கும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சை அணைத்தபின்னும் ஜாப் லேசில் விடாது. பிடுங்கி எடுத்தால் இரும்புத்தூளும் ஒட்டிக்கொண்டு வரும். எதிர்த்திசையில் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால்தான் விடும். பிளஸ் டூவில் காந்தத் தயக்கம் என்று படித்தது இதைத்தான். 1986-ல் பொருளியலாளர்கள் ஒலிவியே பிளான்சார்டும் லாரன்ஸ் சம்மர்ஸும் ஐரோப்பாவின் வேலையின்மையை விளக்க இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் உற்பத்தி 1981-லேயே நிமிரத் தொடங்கியது. வேலையின்மையோ மேலும் ஏறி, 1987 வரை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

வேலையில் இருப்பவர்கள் சங்கம் வழியாகத் தங்கள் சம்பளத்தை மட்டும் பேசி முடிக்கிறார்கள், வெளியே நிற்பவருக்காகப் பேச ஆளில்லை என்பது அந்த இருவரும் அழுத்திச் சொன்ன காரணம். சங்கமே இல்லாத சிறு பட்டறைகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே கைப்பழக்கம் விட்டுப்போவதுதான் பெரிய காரணம் என்பேன். சாதா லேத்தில் தேர்ந்தவர் நாலு வருஷம் கழித்து வருகிறார், எதிரே கணினியில் ஓடும் சி.என்.சி. லேத் நிற்கிறது. டூலை (வெட்டும் கருவியை) மாற்றிவிட்டு ஆஃப்செட் (அதன் அளவுத் திருத்தம்) போட மறந்தாலோ, தசமப் புள்ளியை இடம் மாற்றி அடித்தாலோ டூல் நேரே ஜாப்பைப் பிடித்திருக்கும் சக்கில் போய் மோதும். சுழலும் அச்சான ஸ்பிண்டில் போனால் செலவு யாருடையது? முதலாளிக்கு அந்தப் பயம்.

வேலை தெரிந்தவருக்கும் இடைவெளியே குறையாகிவிடுகிறது. 2013-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட அழைப்பு குறைந்தது; அதுவும் முதல் 8 மாதங்களுக்குள்ளேயே. அலுத்துப்போய்த் தேடுவதையும் வேலைக்கு வரும் எண்ணத்தையும் விட்டவரை நம் கணக்கெடுப்பு வேலையில்லாதவராகவே எண்ணாது. சதவீதம் குறையும், அவர் திண்ணையிலேயே இருப்பார்.

ஆகவே மந்தம் போவது சுவிட்சை அணைப்பது மட்டுமே. எதிர்த்திசை மின்சாரமும் வேண்டும். நீண்டநாள் வேலையில்லாதவரை எடுக்கும் பட்டறைக்கு முதல் சில மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு தரலாம். அதைவிட நல்லது, ஆளை வெளியே விடாமலிருப்பது. 2009-ல் ஜெர்மனியில் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த கூலியில் பெரும்பகுதியை அரசு கொடுத்தது. வேலையின்மை சொற்பமாகத்தான் ஏறியது.

உங்கள் தெருக்காரர்கள் ஆப்பரேட்டர் வேலையையே நேராகக் கேட்க வேண்டாம். இரண்டு வாரம் ஹெல்பராக நின்று லோடிங், வெர்னியரில் அளவு பார்ப்பது, பிறகு ஆள் பக்கத்தில் நிற்க ஆஃப்செட் போடுவது என்று கேட்டுப் பார்க்கட்டும்.