ஃபிரெட்போர்டுக்கு எந்த மரம்?

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன். ஒரே மாடல் மேப்பிள், ரோஸ்வுட், பாவ் ஃபெரோ என மூன்று மரங்களில் ஃபிரெட்போர்டுடன், அதாவது கழுத்தின் மேல் விரல் வைக்கும் பலகையுடன், கிடைக்கிறது. மேப்பிள் பளிச்சென்று ஒலிக்கும், ரோஸ்வுட் கனிவாக ஒலிக்கும் என்கிறார்கள். எனக்கு வித்தியாசமே கேட்கவில்லை. பாவ் ஃபெரோ மட்டமான மரமா?

பதில்: உங்கள் காதில் குறை இல்லை. தந்தியை அழுத்தும்போது அது போய் உட்காருவது பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃபிரெட் மேல்தான், அந்த அதிர்வை எடுத்து மின்சைகையாக்குவதும் தந்திக்கு அடியில் இருக்கும் பிக்கப்தான். மரத்தைப் பொறுத்து கழுத்தின் விறைப்பும் எடையும் கொஞ்சம் மாறும், அதனால் ஒலியில் துளி வேறுபாடு வரலாம். ஆனால் புதுத் தந்தி போட்டாலோ பிக்கப்பின் உயரத்தைச் சற்று மாற்றினாலோ வருகிற மாற்றத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. கிட்டார் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பெரும்பகுதியில் மேப்பிள் மட்டும்தான் போட்டது, 1958-ல் ஜாஸ்மாஸ்டர் மாடலிலும் அடுத்த வருடம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலிலும் ரோஸ்வுட்டுக்கு மாறியது. வாசித்து வாசித்துப் பூச்சு தேய்ந்து மேப்பிள் அழுக்கேறித் தெரிந்ததைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள்.

அதனால் விரல் சொல்வதைக் கேளுங்கள். மேப்பிளுக்கு மேலே பூச்சு இருக்கும், வழவழவென்று ஓடும், ஆனால் கை வியர்த்தால் பளபளப்புப் பூச்சு சிலருக்கு ஒட்டும்; அப்படிப்பட்டவர்கள் பளபளப்புக் குறைந்த சாட்டின் பூச்சு பார்க்கலாம். ரோஸ்வுட்டில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சு தேவையில்லை, அதன் நுண்துளைகள் விரலுக்குத் தட்டுப்படும். தந்தியை இழுத்து வளைக்கும்போது மரத்தையே தொடுகிற அந்த உணர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எபனி என்ற கருமரம் இன்னும் கெட்டி, துளைகளும் மிகச் சிறியவை, பூச்சில்லாமலே வழுக்கும். காற்று மிகவும் வறண்டால் மட்டும் விரிசல் விடலாம்.

பாவ் ஃபெரோ மட்டமே இல்லை. மேப்பிளைவிடக் கடினமானது, ரோஸ்வுட்டைவிட நிறம் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். அது பரவியதற்குக் காரணம் சட்டம். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதலே, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. 2017 ஜனவரியில் மற்ற ரோஸ்வுட் இனங்களையும் பட்டியலில் சேர்த்ததும், நாடு விட்டு நாடு விற்பனைக்குப் போகும் கிட்டார்களுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது, உடனே பல நிறுவனங்கள் வேறு மரத்துக்குப் போய்விட்டன. 2019 நவம்பரில், பிரேசில் மரத்தைத் தவிர மற்ற ரோஸ்வுட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. அதற்குள் பாவ் ஃபெரோ நிலைத்துவிட்டது. இது காடு தாங்க வேண்டும் என்பதற்காக வந்த மாற்றம், நல்லதுதான்.

அப்புறம் பராமரிப்பு. ரோஸ்வுட், எபனி, பாவ் ஃபெரோ மூன்றும் வறண்டு வெளிறினால் ஃபிரெட்போர்டுக்கென்றே விற்கும் எண்ணெயை ஒரு சொட்டு தடவி, மிச்சத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிக்குப் பிடித்து நாறும். பூச்சுள்ள மேப்பிளுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.