அக்காகிட்ட கேளுங்க: வ்யூஸ் வந்துருச்சு, அப்புறம்?

அக்கா, என் பொண்ணுக்கு 15 வயசு. போன மாசம் அவ போட்ட டான்ஸ் ரீல்ஸ் 8 லட்சம் வ்யூஸ் போயிருச்சு. அதுலேர்ந்து ஸ்கூலுக்கு கிளம்பறதே பெரிய சண்டையா இருக்கு. "சார்லி டமேலியோ என் வயசுலதான் ஸ்டார் ஆனா"ங்குறா. அது யாருன்னே எனக்கு தெரியல. என்ன பண்ண?
– ஒரு அம்மா, திண்டுக்கல்

யாருன்னு மொதல்ல சொல்லிடுறேன்மா, அடுத்த தடவை அவ அந்த பேர எடுத்தா நீங்களும் நாலு வார்த்தை பேசலாம். அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துக்காரி. 2019ல டிக்டாக்ல ஆட ஆரம்பிச்சப்போ 15 வயசு, 2020 நவம்பர்ல 10 கோடி ஃபாலோயர்ஸ், டிக்டாக்ல அந்த நம்பர தொட்ட மொத ஆளே அவதான். உங்க பொண்ணுக்கு இது வரைக்கும் தெரிஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடி கதை ஒண்ணு இருக்குல்ல, சின்ன வயசுலேர்ந்து டான்ஸ் கிளாஸ், போட்டி போட்டியா ஏறி இறங்கின பொண்ணு அது, அப்பா வருஷக்கணக்கா துணி பிசினஸ்ல இருந்தவரு, 2018ல மாநில செனட் தேர்தல்ல நின்னு தோத்தும் பாத்தவரு, அதனால கான்ட்ராக்ட்னு ஒரு பேப்பர் வந்தா அத படிச்சு பாக்க வீட்லயே ஆள் இருந்துச்சு. உங்க வீட்டுக்கு ஒரு பிராண்ட்காரன் மெயில் அனுப்புனா யாரும்மா படிப்பா?

இன்னொண்ணும் சொல்லுங்க. அந்த 10 கோடி வர்றதுக்கு சில நாள் முன்னாடி குடும்பமா சாப்பிடுற மாதிரி ஒரு வீடியோ போட்டாங்க. தட்டுல நத்தை வச்சிருந்தாங்க, புள்ளைங்க மூஞ்ச சுளிச்சுச்சு, இவ இன்னும் 10 கோடி வரலையேங்குற மாதிரி ஏதோ சொல்லிட்டா. அவ்ளோதான், திமிருன்னு ஊரே திட்டி சில நாள்ல சுமார் 10 லட்சம் பேர் அன்ஃபாலோ பண்ணிட்டாங்க, பொண்ணு லைவ்ல வந்து அழுதுச்சு. பதினாறு வயசு. நம்ம வீட்டு புள்ளைங்க தட்டுல கத்திரிக்காய பாத்து சுளிக்காத சுளிப்பா? கூட அம்மாவும் பாட்டியும் மட்டும் இருந்தா ரெண்டு திட்டோட முடிஞ்சிருக்கும்.

போனை மட்டும் புடுங்காதீங்க, வேற போன்ல வேற ஐடி வரும், அது உங்களுக்கு தெரியவே தெரியாது. அதுக்கு பதிலா பக்கத்துல உக்காந்து அக்கவுண்ட்ல பொறந்த வருஷம் என்ன போட்டிருக்கான்னு பாருங்க, ஏன்னா 15ன்னு சரியா போட்டிருந்தா இன்ஸ்டா இப்போ அத டீன் அக்கவுண்டா மாத்தி தானா பிரைவேட் பண்ணி வச்சிருக்கும், பப்ளிக் ஆக்கணும்னா பெத்தவங்க ஓகே பண்ணணும். நீங்க ஓகே பண்ணலன்னா 8 லட்சம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. அப்புறம் வீடியோவ யாரெல்லாம் பாத்தாங்கன்னு கணக்கு காட்டுற இன்சைட்ஸ தொறந்து, அந்த 8 லட்சத்துல எத்தன பேரு ஃபாலோ பண்ணாங்க, அடுத்த வீடியோ எவ்ளோ போச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. திட்ட வேணாம், அந்த நம்பரே பேசும். ஸ்கூல் விட்டு வந்து ஆடட்டும்மா, சார்லியும் மொதல்ல அப்படித்தான் ஆடினா.

நான் கம்போஸ் பண்ண ஸ்டெப்ப வேற ஒருத்தன் ஆடி அவன் ஃபேமஸ் ஆயிட்டான். கமென்ட்ல போய் கேட்டா சிரிக்கிறாங்க. செம கடுப்பா இருக்கு அக்கா.
– 16 வயசு பையன், மதுரை

தம்பி, உனக்கு ஜலையா ஹார்மன் கதைய சொல்லணும். மேல சொன்னேன்ல சார்லி, அவள உலகத்துக்கே காட்டின டான்ஸ் ரெனகேட். அத அவ உருவாக்கல. 2019 செப்டம்பர்ல அட்லாண்டா பக்கத்துல ஒரு 14 வயசு கறுப்பின பொண்ணு வீட்ல உக்காந்து கட்டின ஸ்டெப் அது. ஃபனிமேட்னு ஒரு ஆப்லயும் இன்ஸ்டாலயும் போட்டா, அங்கேருந்து யாரோ டிக்டாக்குக்கு தூக்கிட்டு போக, ஸ்டெப்பு கொஞ்சம் மாறி, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் ஆடி, சார்லிக்கு ரெனகேட் ராணின்ற ரேஞ்சுக்கு பேரு வந்துருச்சு. ஜலையா கமென்ட்ல போய் நான்தான் பண்ணேன்னு சொன்னா உன்னைய மாதிரியேதான், ஒருத்தரும் கண்டுக்கல. 2020 பிப்ரவரில நியூயார்க் டைம்ஸ் அவள தேடி போய் எழுதின அப்புறந்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுது, அதே வாரம் சிகாகோவுல என்பிஏன்ற அமெரிக்க பாஸ்கெட்பால் லீகோட ஆல் ஸ்டார் மேட்ச்ல கோர்ட்ல நின்னு ஆடினா. டான்ஸ் யாருதுன்னு டேக் போடுற பழக்கம் அதுக்கப்புறம்தான் ஒழுங்கா பரவுச்சு.

ஆனா பாரு, பத்திரிகை எழுதலன்னா? அவகிட்ட தேதியோட வீடியோ இருந்துச்சு, அதுதான் அவள காப்பாத்துச்சு. நீயும் பழைய வீடியோவ டெலீட் பண்ணாத, அந்த பையனுக்கு ஒரே ஒரு மெசேஜ் மரியாதையா போடு, தேதி தெரியிற மாதிரி உன் வீடியோவ பின் பண்ணு. நாலு ஸ்டெப்புக்கு காப்பிரைட் வாங்குறதெல்லாம் அமெரிக்காலயே குதிரைக்கொம்பு, அதுக்காக வக்கீலுக்கு காசு அழுவாத.

எங்கக்கா பையனுக்கு 12 வயசு, காமெடி வீடியோல நல்ல காசு வருது. மொத்தமும் மாமா அக்கவுண்டுக்குதான் போகுது. கேட்டா "எல்லாம் அவனுக்குத்தானே"ன்னு சொல்றாரு. புது கார் வேற வந்துருச்சு. நான் பேசலாமா?
– தாய்மாமன், ஈரோடு

பேசுங்க, தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா. யூடியூப் காசு 18 வயசுக்கு கீழ இருக்குறவங்க பேர்ல வராது, பெரியவங்க அக்கவுண்டுதான் வேணும், அதுல தப்பில்ல. கார்தான் இடிக்குது.

இது நூறு வருஷ பழைய பிரச்சனைங்க. சாப்ளின் கூட 1921ல தி கிட் படத்துல நடிச்ச குட்டிப் பையன் ஜாக்கி கூகன் லட்சக்கணக்கான டாலர் சம்பாதிச்சான். பெரியவனாகி கேட்டா அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவு பண்ணி முடிச்சிருந்தாங்க, 1938ல கேஸ் போட்டு கைக்கு வந்தது வெறும் 1,26,000 டாலர். அடுத்த வருஷமே கலிபோர்னியாவுல அவன் பேர்லயே சட்டம் வந்துச்சு. வீட்டு வீடியோல வர்ற புள்ளைங்களுக்கும் பங்கு எடுத்து வைக்கணும்னு அங்கயே இல்லினாய்ஸ் மாநிலத்துல 2024 ஜூலைலேர்ந்து சட்டம் இருக்கு. நம்ம நாட்டுலயும் குழந்தை நட்சத்திரங்களுக்கு 2017 விதில 20 சதவீதமாவது புள்ளை பேர்ல தேசிய வங்கில டெபாசிட் போடணும்னு இருக்கு, ஆனா செல்போன்ல வீட்டுக்குள்ள எடுக்குற வீடியோவ நெனச்சு எழுதுன விதி இல்ல அது. அதனால சட்டம்னு மிரட்டாதீங்க, "மாமா, சினிமாக்காரனே 20 போடணும், நீங்க பெத்த அப்பா, 50 போடுங்க"ன்னு ஆரம்பிங்க. அக்கா பக்கத்துல இருக்கும்போது ஆரம்பிங்க.

ஆஸ்திரேலியா மாதிரி 16 வயசுக்கு கீழ சோஷியல் மீடியாவ இங்கயும் தடை பண்ணா என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

2025 டிசம்பர் 10லேர்ந்துதான் சார் அங்க அமலுக்கு வந்திருக்கு. பாத்துட்டு பேசுவோம். நம்ம ஊர்ல ஒரு போன்ல தாத்தா, அப்பா, பேரன் மூணு பேரும் இருக்காங்க, யார் வயச செக் பண்றது?

டிக்டாக்க மட்டும் பேன் பண்ணலன்னா நானும் இந்நேரம் ஸ்டாரு.
– 17 வயசு, கடலூர்

2020 ஜூன் 29ல பேன் பண்ணாங்க, பத்து நாளைக்குள்ள இன்ஸ்டா இங்க ரீல்ஸ எறக்கிருச்சு, இன்னைக்கு வரைக்கும் அது தொறந்துதான் கெடக்கு. அப்போ உனக்கு பதினொரு வயசு தம்பி, ஆன்லைன் கிளாஸ்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு தூங்கிட்டு இருந்திருப்ப.