வேலைக்கு வரும் அக்காவின் கணவருக்கு டிபி: அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா?

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆறு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் கணவருக்கு டிபி என்று போன வாரம் தெரிந்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், வயது 40, எடை 41 கிலோ. ஒரே அறையில் நான்கு பேர். கொஞ்சம் குடிப்பார், அதனால்தான் வந்தது என்கிறார் என் கணவர். அக்காவைச் சில மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சத்துமாவு, ஹெல்த் டிரிங்க் வாங்கிக் கொடுத்தால் போதுமா?"

முதலில், அக்காவை நிறுத்தாதீர்கள். நோய் கணவருக்கு, அக்காவுக்கு அல்ல. அக்காவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அரசு மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் போதும், ஒன்றும் இல்லையென்றால் அவர் தாராளமாக வரலாம். சரியான மருந்து உள்ளே போக ஆரம்பித்துவிட்டால் கணவரிடமிருந்து பரவுவதும் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். இந்த நேரத்தில் அக்காவின் சம்பளமும் நின்றால், மூட்டை தூக்க முடியாத கணவர், வருமானம் இல்லாத மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று அந்த வீடு பட்டினியில் விழும். பட்டினி அடுத்த நோயாளியை உருவாக்கும். இது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல, கணக்கோடு நிரூபிக்கப்பட்ட விஷயம்.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் அனுராக் பார்கவா தலைமை, நம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் இருந்தது. டிபி நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். அவர்களின் குடும்பங்களை மட்டும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாதாமாதம் பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்தார்கள். இவ்வளவுதான். கிடைத்த குடும்பங்களில் புதிதாக டிபி வந்தது, கிடைக்காத குடும்பங்களைவிட 39% குறைவு. நுரையீரல் டிபி என்று சளிப் பரிசோதனையில் உறுதியானவற்றை மட்டும் எடுத்தால் 48%. ஒரு தடுப்பூசி இதைச் செய்திருந்தால் நாடே கொண்டாடியிருக்கும், செய்தது அரிசியும் பருப்பும்.

டிபி கிருமி உடலுக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேரில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது வரும், மற்றவர்களிடம் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கியே வைத்திருக்கும். அந்த ஐந்து பத்து பேர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் சாப்பாட்டுக்கும், காற்றோட்டமில்லாத அறைக்கும், ஓய்வே இல்லாத உழைப்புக்கும் பெரிய பங்கு உண்டு. உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. குடி ஆபத்தைக் கூட்டும், டிபி மாத்திரையோடு குடித்தால் கல்லீரலும் கெடும், அதனால் மாத்திரை சாப்பிடும் ஆறு மாதமும் அவர் குடிக்கவே கூடாது. ஆனால் நாளைக்கு அந்த அறையில் குடிக்காத பிள்ளைக்கு டிபி வந்தால் எதைக் காரணம் சொல்வோம்?

சென்னைக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1956-இல் அன்றைய மதராசில் தொடங்கிய ஆய்வில், ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியம் என்ற தனி டிபி மருத்துவமனையில் சேர்த்து நல்ல சாப்பாடு, ஓய்வு கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அவரவர் குடிசையிலேயே மாத்திரை. 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்துக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. உலகம் முழுக்க டிபி நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெற அது வழி திறந்தது, அதனால் இவரையும் எங்கேயும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. ஆனால் அதிலிருந்து "மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லை" என்ற நினைப்பும் வளர்ந்துவிட்டது. எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான்.

சரி, ஹெல்த் டிரிங்க் வேண்டாம். அந்தக் காசில் முட்டை, பருப்பு, நிலக்கடலை, கொண்டைக்கடலை, எண்ணெய் வாங்குங்கள். அரிசி ரேஷனில் கிடைத்துவிடும். துவரம்பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ, நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம், அதாவது சாம்பாரில் தேட வேண்டிய அளவு. குறை இருப்பது புரதத்தில்தான். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் தினம் இரண்டு கிடைத்தால் நல்லது. எல்லோருக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நோயாளிக்கு மட்டும் கொடுத்தால் அவர் பிள்ளைகளுக்குத்தான் ஊட்டுவார், அக்காவுக்கு மிஞ்சாது.

அப்புறம் அரசு தருவதைக் கேட்டு வாங்க வைக்க வேண்டும். சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள் (2024 நவம்பருக்கு முன் 500 தான்), தனியார் மருத்துவரிடம் பார்த்தாலும் உண்டு. கணக்கு விவரம் கொடுக்காமலோ தவறாகக் கொடுத்தோ பணம் வராமல் போவதுண்டு, பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நீங்களோ வீட்டில் யாராவதோ ஒருமுறை அக்காவோடு அரசு மருத்துவமனையின் டிபி பிரிவுக்குப் போய் வாருங்கள். அப்படியே வீட்டில் மற்ற மூவருக்கும் நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

41 கிலோ என்பது எனக்குக் கவலை தருகிறது. அவர் உயரம் 160 செ.மீ. என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 16, குறைந்தது 18.5 இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லா திட்டத்தில் இதைத்தான் முதலிலேயே பார்க்கிறார்கள்: எடை எவ்வளவு, மூச்சு வாங்குகிறதா, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா, கால் வீக்கம் உண்டா. இதில் சந்தேகம் இருந்தால் உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இல்லையென்றால் வீட்டிலேயே மாத்திரை, இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏற வேண்டும். அந்த ஜார்க்கண்ட் ஆய்வில் முதல் இரண்டு மாதத்தில் எடை 5% கூடியவர்கள் இறக்கும் ஆபத்து 61% குறைவாக இருந்தது. ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சர்க்கரை இருக்கலாம், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருக்கலாம், மருந்து சரியாகப் போகாமலும் இருக்கலாம்.

உங்கள் வீட்டு எடை மெஷினை அக்காவிடம் கொடுத்தனுப்பி, முதல் எடையை நாளைக்கே ஒரு காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.