ஐஸ்கிரீம் பிடுங்கும் அரக்கன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னீர்கள் என்று ஸ்டான் லாரல் நடித்த ‘டாக்டர் பிக்கிள் அண்ட் மிஸ்டர் பிரைட்’ மௌனப் படத்தைப் பார்த்தேன். டாக்டர் ஜெக்கில் மருந்து குடித்து ஹைட் என்ற கொடியவனாக மாறும் ஸ்டீவன்சனின் நாவல் எனக்கு உயிர். அதைப் போய் இப்படிக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்களே! மருந்தைக் குடித்து அரக்கனாக மாறியவன் செய்வதெல்லாம் ஒரு சிறுவனின் ஐஸ்கிரீமைப் பிடுங்குவதும், ஒரு பெண்ணின் பின்னால் போய்க் காகிதப் பையை ஊதி உடைப்பதும்தான். பெரிய கதையை இப்படி மட்டம் தட்டலாமா? அப்புறம், லாரல் இருக்கிறார், அவருடைய நகைச்சுவை ஜோடி ஹார்டியை எங்கே காணோம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நாவலை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். ஹைட் நமக்கு அறிமுகமாவதே எப்படி? அதிகாலை மூன்று மணிக்கு, லண்டன் தெருமுனையில், எதிரே ஓடி வந்த சிறுமியைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டு போகிறான். கொலையெல்லாம் அப்புறம்தான் வருகிறது. படத்தில் ஹைடின் இடத்தில் வரும் லாரலின் பிரைடும் ஒரு குழந்தையிடம்தான் கைவைக்கிறான். மிதிப்பதற்குப் பதில் ஐஸ்கிரீம்.

இன்னொரு இடமும் உண்டு. ஹைட் ஜெக்கிலைவிடக் குள்ளம், வயதும் குறைந்த தோற்றம். ஜெக்கிலின் உடைகள் அவனுக்குத் தொளதொளவென்று கிடக்கும். கால்சட்டையை மடித்துச் சுருட்டிக்கொண்டு அவன் ஜெக்கிலின் பழைய நண்பர் டாக்டர் லான்யன் வீட்டில் வந்து நிற்கிறான். வேறு யாராவது இந்தக் கோலத்தில் வந்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும், இவனைப் பார்த்து வரவில்லை என்று எழுதுகிறார் லான்யன். 1886-இல் வந்த அந்தத் திகில் கதையிலேயே சிரிப்பு வாசல் வரை வந்து நின்றுவிட்டது. 1925-இல் லாரல் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஹைடாக மாறித் திரிவதன் சுகத்தைச் சொல்லும்போது ஜெக்கில் தன்னை ஒரு பள்ளிக்கூடப் பையனுடன் ஒப்பிடுவதும் நாவலிலேயே இருக்கிறது. பெரிய மனிதன் என்ற சுமையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிக்கும் பையன். சீரியசாக எடுக்கப்பட்ட படங்கள் இந்த வரியைக் கண்டுகொள்வதில்லை. அவற்றில் ஹைட் முழுக்க முழுக்கக் கோரமானவன். அந்தப் பையனை வெளியே கொண்டுவந்தது இந்த இரண்டு ரீல் குறும்படக் காமெடிதான் என்பேன்.

உண்மையில் லாரல் நேரடியாகக் கிண்டல் செய்வது இதே நாவலை வைத்து 1920-இல் எடுக்கப்பட்ட, ஜான் பேரிமோர் நடித்த படத்தை. இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்தடுத்துப் பாருங்கள். பேரிமோரின் முதல் உருமாற்றத்தில் ஒப்பனைக்கு முன்னால் முகத்தசைகளே வேலை செய்கின்றன. அற்புதமான நடிப்பு. லாரல் அதே தொங்கும் முடியை, அதே கூனலை, அதே இளிப்பை எடுத்துக்கொள்கிறார். எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. காகிதப் பையோடு அந்தப் பெண்ணை நெருங்கும் நடையைக் கவனியுங்கள். கையில் பைக்குப் பதில் கத்தி இருந்தால் நமக்குக் குலை நடுங்கும். உடம்பு முழுக்கக் கொலைவெறி, செய்வது சின்னப் பையனின் சேட்டை. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. நடையில் கொஞ்சம் விளையாட்டுத்தனம் எட்டிப் பார்த்திருந்தாலும் காட்சி படுத்திருக்கும். கதையை மதிக்காதவரால் இப்படி நடிக்க முடியாது, ஆர். தயவுசெய்து சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். மௌனப் படத்துக்குப் பிற்பாடு சேர்த்து ஒட்டுகிற துள்ளல் இசை, இப்போது சிரியுங்கள் என்று நம்மைப் பிடித்து உலுக்குகிறது. லாரலுக்கு அந்த உதவி தேவையே இல்லை.

ஹார்டி பற்றி: இருவரும் ஹால் ரோச் நிறுவனத்தில் ஜோடியாக நிலைத்தது 1927 வாக்கில். இது அதற்கு முன்பு ஜோ ராக் தயாரிப்பில் லாரல் தனித்து நடித்த குறும்படங்களில் ஒன்று. தலையைச் சொறிந்துகொண்டு விசும்பும் லாரலைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இந்தப் படத்தில் இருப்பவர் அதற்கு முந்தைய லாரல், வேகமும் விஷமமும் நிறைந்தவர். அவரைத் தேடித்தான் நான் இந்தப் பழைய குறும்படங்களுக்குப் போகிறேன்.